காட்டுக்குள் ஓட்டத் தெரிந்தவள்

அலாஸ்காவில் தொடங்கி அர்ஜென்டினாவின் தென்முனைவரை இறங்கும் பான் அமெரிக்க நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 30,000 கிலோமீட்டர். அத்தனை நீளத்தில் ஒரே ஓர் இடத்தில் அது அறுந்து கிடக்கிறது. பனாமாவின் யவீசா என்ற ஊரோடு சாலை முடிந்துவிடுகிறது. அதன்பின் கொலம்பியாவுக்குள் நுழைந்துதான் மறுபடி சாலையைப் பார்க்க முடியும். இடையில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு டாரியன் காடு. மழைக்காடும் மலையும், அவற்றைத் தாண்டினால் அத்ராத்தோ ஆற்றின் சதுப்பும். கோடரி பெரிதாகத் தொடாத பழங்காடு அது. ஆனால் ஆளில்லாத காடு இல்லை. குனா, எம்பெரா, வூனான் மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

1960 பிப்ரவரி 2 அன்று, பனாமாவின் செப்போ என்ற ஊரிலிருந்து ஒரு லேண்ட் ரோவரும் ஒரு ஜீப்பும் இந்தக் காட்டை நோக்கிப் புறப்பட்டன. லேண்ட் ரோவருக்கு ‘பாசக்காரக் கரப்பான்’ என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரை வைத்திருந்தார்கள். இந்த வழியில் சாலை போட முடியும் என்று காட்டுவதே பயணத்தின் நோக்கம். உள்ளூர் ஆட்கள் முன்னால் கத்தியோடு வழி வெட்டிக்கொண்டு போக, வண்டிகள் பின்னால் ஊர்ந்தன. குறுக்கே வந்த ஓடைகளுக்குப் பனை இன மரங்களின் தண்டுகளை வெட்டிப் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் கட்டினார்கள். அத்ராத்தோவின் நீண்ட தொலைவை ஆற்று வழியாகவே கடந்து, ஜூன் 17 அன்று கொலம்பியாவின் கிப்தோவை அடைந்தார்கள். 136 நாட்கள். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 200 மீட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நடை பழகும் குழந்தைகூட அதைவிட வேகமாகப் போய்விடும்.

மோட்டார் வாகனத்தில் டாரியனைக் கடந்த முதல் பயணம் என்று அது பதிவாகியிருக்கிறது. பனாமாவின் அமாதோ அராவுஸ், பிரிட்டனின் ரிச்சர்ட் பெவிர், ஆஸ்திரேலியாவின் டெரன்ஸ் விட்ஃபீல்ட் ஆகியோரின் பெயர்களோடு இன்னொரு பெயரும் வரும்: அமாதோவின் மனைவி ரெய்னா டோரஸ் தெ அராவுஸ். மற்றவர்களுக்கு நாடும் தொழிலும் அடைமொழியாக இருக்க, இவருக்கு மட்டும் உறவுமுறை. ரெய்னா மானிடவியலாளர். பனாமாவின் மானிடவியல் அருங்காட்சியகம் இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. டாரியனின் மக்களையும் சூழலையும் பற்றி 1975இல் தனி நூலே எழுதினார். 1982இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே இறந்தும் போனார். இவ்வளவுக்குப் பிறகும் வண்டிக் கதைக்குள் வரும்போது அவர் மனைவிதான்.

இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்விக்கு ரெய்னாவின் பெயர் ஒரு வாசல் மட்டும். கேள்வி இதுதான்: ஓர் இடத்தைக் கடக்கும் திறமை ஒருவருக்கு இருக்கிறது. அந்தத் திறமை, கடக்கும் உரிமையையும் சேர்த்துத் தந்துவிடுகிறதா? திறமையை நம்மிடமிருந்து மறைத்தே வைத்திருந்தவர்களிடம் அதைக் கேட்டு வாங்குகிற நாம், அதனுடன் ஒட்டிக்கொண்டு வருகிற உரிமைப் பேச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

உரிமைப் பேச்சு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளச் சொற்களைப் பார்த்தாலே போதும். மனிதர் புகாத காட்டைக் ‘கன்னிக்காடு’ என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கு என்றாலும் நம் நாக்கில் எந்த உறுத்தலும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. கன்னிக்காட்டுக்குள் வண்டி ‘ஊடுருவுகிறது’, பாதையை ‘வெல்கிறது’, மலையை ‘அடக்குகிறது’. நாற்சக்கர இழுவை வண்டிகளின் விளம்பரங்களை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சேறு தெறிக்கிறது, ஓடை பிளக்கிறது, பாறை நசுங்குகிறது. ஓட்டுபவர் ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை.

நிஜத்தில் காட்டுத்தடத்தில் நன்றாக ஓட்டுபவரை அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. அவர் அடிக்கடி இறங்குவார். ஓடையில் வண்டியை விடும் முன் கையில் குச்சியோடு தானே இறங்கி நடந்து ஆழத்தைப் பார்ப்பார். அடியில் மணலா, உருளைக்கல்லா, சேறா என்று காலால் துழாவுவார். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துவிடுவார், சக்கரம் பரந்து பற்றும் என்பதற்காக. ஸ்டியரிங் வளையத்துக்குள் கட்டை விரலை மடக்கிப் பிடிக்க மாட்டார். பாறையில் சக்கரம் மோதி வளையம் திடீரெனச் சுழன்றால், பழைய வண்டிகளில், விரல் முறிந்துவிடும். இறக்கத்தில் பிரேக்கைவிட லோ கியரை நம்புவார். வண்டி புதைந்தால் வின்ச் கம்பியை எதிரேயுள்ள மரத்தில் நேராகச் சுற்ற மாட்டார். எஃகுக் கம்பி பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். சுற்றிலும் பட்டை அறுந்த மரம் மெல்லச் செத்துப்போகும். அகலமான நாடாவை மரத்தில் கட்டி, அதில் கொக்கியை மாட்டுவார். இத்தனையும் செய்தபிறகு, மெதுவாக, மிக மெதுவாகப் போவார். சக்கரம் சுழன்றால் பள்ளம் விழும், பள்ளம் வாய்க்காலாகும், அடுத்த மழையில் மண் போகும் என்று அவருக்குத் தெரியும். வண்டிச் சக்கரம் அழுத்தி இறுக்கிய ஈரமான காட்டு மண் பழையபடி இளகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. காட்டில் ஓட்டுபவருக்குத் தன் முன்சக்கரம் தெரியாது. வெளியே ஒருவர் நின்று, சக்கரத்தைப் பார்த்து, கையால் சொல்ல வேண்டும். நம் லாரி கிளீனர்கள் சந்துக்குள் நின்றுகொண்டு “வரலாம் வரலாம், லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி” என்று கத்துவார்களே, அதே வேலை. மலைச்சரிவில் அந்தக் கையை நம்பாவிட்டால் உயிர் போகும். ஆக, ஓட்டும் திறமை என்று நாம் ஒருவர் பெயரில் எழுதி வைப்பதில் பாதி, வெளியே நிற்பவரின் கண். ஓட்டுபவரிடம் இருப்பது, பிறர் கண்ணால் பார்க்கச் சம்மதிக்கும் பணிவு. விளம்பரத்தில் வெளியே நிற்பவர் இல்லை. 1960ஆம் ஆண்டுப் பதிவில் கத்தியோடு முன்னால் போனவர்களுக்குப் பெயர் இல்லை. வீட்டுக் கணக்கிலும் இதே கதைதான் என்பதை இந்த நூலை வாசிக்கும் தோழிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காட்டுக்குள் வண்டி ஓட்டுவது தமிழ்க் கவிதைக்குப் புதிய விஷயம் இல்லை. முல்லைத் திணையே அதுதான். காடும் காடு சார்ந்த இடமும் நிலம், வினை முடித்துத் தேரில் திரும்பும் தலைவன், கார்காலம். பெண்ணுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட உரிப்பொருள், இருத்தல். அவன் வருவான், அவள் இருப்பாள். முதுகலை வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் முகத்தில் ஒரு சலிப்பு ஓடும். பேருந்துக்கு இருந்து, விடுதிக் கதவு திறக்க இருந்து, தேர்வு முடிவுக்கு இருந்து பழகியவர்கள்.

அகநானூற்றின் நான்காம் பாட்டைப் போன ஆண்டு நடத்திக்கொண்டிருந்தேன். குறுங்குடி மருதனார் பாடியது. கார் வந்துவிட்டது, அவனும் வந்துவிடுவான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அப்போது அவன் தேரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறாள். பூவில் தேனுண்ணும் வண்டுகள் மணியோசை கேட்டுக் கலங்கிவிடக் கூடாது என்று, தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறானாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டுக்குள் வண்டி ஓட்டும் ஒழுக்கத்தை இதைவிட நுட்பமாகச் சொன்னவர் யார் என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அம்மா, தேரை ஓட்டுனது தலைவன் இல்லையே, பாகன்தானே? மணியைக் கட்டுனது யாரு?”

வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி விடாமல் பல நாள் கூடவே வந்தது. நற்றிணையின் பதினோராவது பாட்டில், கடற்கரையில் தேர்ச்சக்கரத்தில் நண்டு மிதிபடாமல் காத்து ஓட்டுகிறவன் வலவன் என்றே உலோச்சனார் சொல்லிவிடுகிறார். ஆனால் பெரும்பாலான முல்லைப் பாட்டுகளில் பாகன் என்பவன் ‘விரைந்து ஓட்டு’ என்று ஏவப்படும் ஒரு பெயரில்லா முதுகு. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையிலும் அப்படித்தான். வள்ளல் புகழ் பெற்றான். அன்று அந்தத் தேரை ஓட்டி வந்தவன் காட்டிலிருந்து எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்று யாரும் பாடவில்லை.

இதற்கு விலக்காக எனக்குத் தெரிந்து முழுமையான ஒரு பாட்டு இருக்கிறது, அதைப் பாடியவர் பெண். அகநானூறு 384, ஒக்கூர் மாசாத்தியார். வினை முடித்த தலைவன் சொல்கிறான்: தேரில் ஏறியது எனக்குத் தெரியும், வந்த வழி தெரியவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கச் சொன்னபோது திகைத்துப்போய்ப் பாகனைக் கேட்கிறான்: காற்றையா பூட்டினாய் தேரில், உன் மனதையா? கேட்டுவிட்டு அவனைத் தழுவிக்கொண்டு வீட்டுக்குள் அழைத்துப் போகிறான். இருத்தலைத் தன் பங்காகப் பெற்ற மரபிலிருந்து வந்த ஒருத்திக்குத்தான் இன்னொருவரின் உழைப்பில் ஏறி வந்ததை ஒப்புக்கொள்ளும் தலைவனைக் கற்பனை செய்ய முடிந்திருக்கிறது. இதை ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை, கவிஞராக எனக்குள்ள சந்தேகமாகச் சொல்கிறேன்.

டாரியனுக்குத் திரும்புகிறேன். 1960க்குப் பிறகு அந்தக் காடு ஒரு பந்தயப் பொருளாகிவிட்டது. 1961இல் மூன்று சிவப்புச் செவர்லே கோர்வேர் கார்களை உள்ளே ஓட்டினார்கள். ஒன்று காட்டிலேயே கைவிடப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்தது. 1972இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் தலைமையில் பெரிய குழு ரேஞ்ச் ரோவர்களோடு போய், சதுப்பில் காற்றடைத்த மிதவைகளில் வண்டிகளை ஏற்றிக் கடந்தது. அப்போதும் ஒரு குறை மிச்சமிருந்தது. எல்லாப் பயணங்களும் ஏதோ ஓரிடத்தில் நீரின் உதவியை நாடிவிட்டன. நீர்வழி போகாமல் முழுக்கத் தரைவழியாகவே கடந்தால்தானே உண்மையான கடத்தல்?

அப்படிக் கடந்தவர்கள் அமெரிக்காவின் லோரன் அப்டனும் பட்ரிசியா மெர்சியரும். சிஜே-5 ரக ஜீப்பில் 1985இல் தொடங்கி 1987இல் முடித்தார்கள். 201 கிலோமீட்டருக்கு 741 நாட்கள். இரண்டு கார்காலங்களை விழுங்கிய பயணம்.

மெர்சியரின் பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்குள் ஏதோ துள்ளியது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு ஆண்டுகள் சேற்றிலும் கொசுவிலும் கிடந்து ஒரு வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திய பெண். நம் மாணவிகளுக்கு ஒரு நாள் சுற்றுலாவுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். அந்தத் துள்ளலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அந்தச் சாதனையின் விதியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. தண்ணீர் வழியாகப் போனால் தீட்டு. தரைவழி மட்டுமே தூய்மை. அந்தக் காட்டில் வாழும் மக்களின் நெடுஞ்சாலையே ஆறுதான். படகில்தான் அவர்கள் பள்ளிக்கும் சந்தைக்கும் போவார்கள். அந்த இடத்தின் அறிவு சொல்லும் வழியைத் தொடாமலிருப்பதே பெருமை என்று வெளியிலிருந்து ஒரு விதி வந்து உட்கார்கிறது. ஒன்றைத் தொட்டால் எல்லாம் போச்சு என்கிற இந்த விதியை நாம் நன்றாக அறிவோம். நம் ஊரில் அதற்குக் கற்பு என்று பெயர்.

அதே 1985 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் ககாடு தேசியப் பூங்காவில் சிறு படகில் தனியே போய்க்கொண்டிருந்த தத்துவவாதி வால் ப்ளம்வுட்டை முதலை கவ்வியது. மூன்று முறை நீருக்குள் சுழற்றி இழுத்தும் தப்பி வந்தார். இயற்கையை ஆளும் மனப்பான்மையையும் பெண்ணை ஆளும் மனப்பான்மையையும் ஒரே வேரில் வைத்துப் பிற்பாடு நூல் எழுதியவர் அவர். அந்த முதலையைப் பழிவாங்கக் கொல்லக் கூடாது என்றும் சொன்னார். அது தன் இடத்தில் தன் வேலையைச் செய்தது, நுழைந்தது நான் என்றார். ஆனால் ‘பெண் தனியே போயிருக்கக் கூடாது’ என்று அதற்குப் பொருள் சொல்ல அவர் யாரையும் விடவில்லை. நுழைவு பற்றிய கேள்வி மனிதருக்கு உரியது. அதைப் பெண்ணுக்கு மட்டுமான ஊரடங்காக மாற்றுவது வேறு வேலை.

இந்த இடத்தில் ஒரு சுலபமான விடை நம்மைக் கூப்பிடும். பெண் இயற்கைக்கு நெருக்கமானவள், அவள் கையில் ஸ்டியரிங் வந்தால் காடு பிழைக்கும் என்பது. கருத்தரங்குகளில் இதைச் சொன்னால் கைதட்டு விழும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பூவோடும் ஆற்றோடும் பூமியோடும் நம்மைச் சேர்த்துக் கட்டியவர்கள்தான் நம்மை மிதித்தும் இருக்கிறார்கள். வண்டியின் எடை ஓட்டுபவரின் பாலைப் பார்த்துக் குறையாது. இரண்டு டன் இரும்பு, இரண்டு டன் இரும்புதான்.

எனக்கு உறுத்துவது வேறு. பெண்ணுக்குக் காட்டுக்குள் போக எப்போதும் ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. சுள்ளி, தண்ணீர், தேன், கிழங்கு; இல்லையென்றால் உடன்போக்கு, வனவாசம். காரணமே இல்லாமல், போய்ப் பார்ப்போமே என்று போகும் உரிமை ஆணின் கையில் இருந்தது. அதற்கு அவன் ‘சாகசம்’ என்று பெயர் வைத்தான். டாரியனிலும் இந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது. 2023 ஒரே ஆண்டில் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் காட்டை நடந்தே கடந்தார்கள். வெனிசுவேலா, எக்குவடோர், ஹைட்டி என்று எங்கெங்கிருந்தோ வடக்கே பிழைக்கப் போனவர்கள். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் குழந்தைகள். இடுப்பில் பிள்ளையோடு போன பெண்கள் வழியில் கொள்ளையடிக்கப்பட்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான நூற்றுக்கணக்கானோருக்கு ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு அந்த ஆண்டில் சிகிச்சை அளித்தது. வண்டி கடந்த 136 நாளுக்கும் 741 நாளுக்கும் பெயரும் தேதியும் உண்டு. செருப்பறுந்து, கால் வீங்கி, அதே மலையைச் சில நாட்களில் ஏறி இறங்கிய பெண் எதையும் வெல்லவில்லை. ஓர் எண்ணிக்கையில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டாள்.

ஆகவே, காரணமில்லாமல் போகும் உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று சொல்ல என் வாய் வருகிறது. பழங்காடு யாருடைய விளையாட்டு மைதானமும் இல்லை என்று சொல்லவும் அதே வாய் வருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நான் நெடுநாள் தடுமாறியிருக்கிறேன். எனக்கு இதில் ஒரு பிடி கிடைத்தது என் முன்னாள் மாணவி ஒருத்தியிடமிருந்து.

அவள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. தமிழ் இலக்கியம் முடித்துவிட்டு, மலைக் குடியிருப்புகளுக்கு மருந்தும் சத்துணவுப் பொருளும் கொண்டுபோகும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் ஜீப் ஓட்டுகிறாள். ‘எம்.ஏ. படிச்சுட்டு டிரைவரா?’ என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது. ஆனைமலையில் காடர் குடியிருப்பு ஒன்றுக்கு ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனாள். வனத்துறை அனுமதியோடு போகும் தடம். முந்தின இரவு மழை. பின்னால் அரிசி மூட்டைகளோடு அந்தக் குடியிருப்புப் பாட்டி ஒருவரும் அவர் பேத்தியும். எங்களுக்குப் பின்னே ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் ஜீப், சிமென்ட் மூட்டைகளோடு.

ஓடை வந்தது. அவள் இறங்கிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போனாள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். ஆனால் அக்கரையில் ஏறும் இடத்தைக் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து, “வண்டி இங்கியே நிக்கட்டும். தூக்கிட்டுப் போயிடலாம்” என்றாள். ஒப்பந்தக்காரர் இறங்கி வந்தார். கேலி இல்லை, உதவும் குரல்தான்: “முடியலீன்னா எறங்குங்க அம்மணி, நான் ஏத்திக் குடுத்தர்றேன்.”

“முடியுமுங்ணா. ஓட்டமாட்டேன்.”

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அவள் கரையைக் காட்டினாள். “ஏறிருவேன். ஆனா கரை இருக்காது. வேரு வெளிய தெரியுது பாருங்க. ரெண்டு தடவ சக்கரம் சுத்துச்சுன்னா மண்ணு பூராம் ஓடைக்குள்ள எறங்கிரும். அப்பறம் மழ முடியற வரைக்கும் இவங்களுக்கு வழி கெடையாது.”

தமிழில் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. ‘மாட்டு’ என்றால் ஆற்றல் பெற்றிரு, இயல்வதாக இரு என்று பொருள். ‘மாட்டாதவர்’ என்றால் பழைய வழக்கில் இயலாதவர். ‘மாட்டேன்’ என்பது ‘என்னால் ஆகாது’ என்று சொல்லத்தான் பிறந்தது. காலப்போக்கில் அது இயலாமையிலிருந்து நகர்ந்து மறுப்பாக மாறியது. இன்று ‘முடியாது’ ஒன்று, ‘மாட்டேன்’ வேறொன்று. மொழி நடந்து முடித்த இந்தத் தூரத்தை, பெண் சொல்லும்போது மட்டும் கேட்பவர்கள் திருப்பி நடந்துவிடுகிறார்கள். அவள் ‘மாட்டேன்’ என்றால் அவர்கள் காதில் ‘முடியாது’ என்றே விழுகிறது. திருமணம் வேண்டாம் என்பவளுக்கு ஏதோ குறை. வேலையை விட்டு விலகுபவளுக்குத் தாக்குப்பிடிக்கத் தெரியவில்லை. ஓடைக்கு முன் வண்டியை நிறுத்துபவளுக்கு ஓட்டத் தெரியவில்லை.

திறமையை நம் பெண்கள் முழுசாகக் கற்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு எனக்கு இங்கேதான் காரணம் கிடைக்கிறது. இல்லாததை யாரும் துறக்க முடியாது. வண்டியே ஓட்டத் தெரியாத என்னைப் போன்றவள் அந்தக் கரையைக் காப்பாற்றினாள் என்று சொன்னால் அது அபத்தம். நான் செய்யக்கூடியது எதுவும் அங்கே இல்லை. அவள் நிறுத்தியதற்கு எடை இருந்தது, அவளால் ஏற முடியும் என்பதனால். திறமை கடக்கும் உரிமையைத் தருவதில்லை என்றே இப்போது நினைக்கிறேன். கடக்காமலிருப்பதைத் தன் முடிவாகச் சொல்லும் தகுதியைத் தருகிறது. அது சின்ன விஷயமா என்று கேட்டால், காலம் காலமாக நம்முடைய எல்லா ‘வேண்டாம்’களும் இயலாமைக் கணக்கில் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியாது.

ஒப்பந்தக்காரர் அன்று ஏறினார் என்பதையும் எழுதியாக வேண்டும். அழகாகவே ஏறினார். லோ கியரில் உறுமிக்கொண்டு, பாதியில் ஒரு தடவை பின்வாங்கி, சட்டென்று வளைத்து மேலே போய்விட்டார். அவர் வண்டியிலிருந்த பையன்கள் விசிலடித்தார்கள். நானும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். திறமைக்கு அந்தக் கவர்ச்சி உண்டு. கரையில் மண் ஒரு பாயளவு பெயர்ந்து ஓடைக்குள் சரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும் அந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வேறொரு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். அந்தப் பாதை என் கண்ணுக்கு அதுவரை தெரியவே இல்லை.

டாரியனில் இன்றுவரை சாலை இல்லை. 1970களில் அமெரிக்கப் பணத்தில் வேலை தொடங்கும் நிலைக்கு வந்தது. சூழலியலாளர்கள் தொடுத்த வழக்கில் அங்குள்ள நீதிமன்றம் தடை விதித்தது. தென் அமெரிக்கக் கால்நடைகளிடமிருந்த கோமாரி நோய் சாலை வழியாக வடக்கே வந்துவிடும் என்ற அச்சமும் கூடச் சேர்ந்துகொண்டது. 1980இல் பனாமா அதைத் தேசியப் பூங்காவாக்கியது. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மாட்டுக்கு நோய் வரும் என்ற பயம் ஒரு பழங்காட்டைக் காக்க உதவியது என்பதில் எனக்கு ஒரு வினோதமான ஆறுதல். ஆனால் சாலை போட முடியும் என்று காட்டப் போனவர்களில் ஒருவரான ரெய்னா, அங்குள்ள மக்களைப் பற்றி எழுதி, நாட்டின் தொன்மைகளைக் காக்கும் சட்டத்துக்காகக் கடைசிவரை உழைத்தார். அவர் வண்டியில் போன வழியையும் எழுத்தில் திரும்பி வந்த வழியையும் ஒரே நேர்கோட்டில் என்னால் வரைய முடியவில்லை. வரைய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்த தோழி ஒருவர், மருத்துவர், கோபப்பட்டார். “உன் மாணவி நல்லா நிறுத்துனா. சரி. பின்னாடி அரிசி மூட்டைக்குப் பதிலா பிரசவ வலியில ஒருத்தி இருந்தா? அப்பவும் கரையப் பாத்துக்கிட்டு நிப்பாளா?” நியாயமான கேள்வி. நானே பதில் சொல்வதைவிட அவளிடமே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.

“அன்னைக்குப் போவேன்ம்மா,” என்றாள், யோசிக்கவே இல்லை. “கரை போனாலும் போவேன். அந்த அண்ணன் மாதிரியேதான் ஏத்துவேன். அந்த ஒரு நாளைக்குக் கரை வேணுமில்ல?”

பிறகு, போன மாதம் ஊர்க்காரர்கள் சேர்ந்து அந்த ஏற்றத்தில் கல் பதித்திருப்பதாகவும், பாட்டியின் பேத்தி இப்போது முன்னால் நின்று கை காட்டப் பழகியிருப்பதாகவும், லெஃப்ட் ரைட் மட்டும் இன்னும் மாறிப்போகிறது என்றும் சொல்லிவிட்டு, டீசல் போட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.